ஏழாவது பெயர்

"கையை நீட்டுங்கண்ணே" என்றாள் ஹாஜிரா.

மாசிலாமணி நீட்டினார். வலது கை. ஐந்து விரலும் விரித்து, உள்ளங்கை கீழே பார்க்க. ஒரு விரல்கூட ஆடவில்லை.

"பாத்துக்குங்க டீச்சர். முப்பத்திரண்டு வருஷம் கரண்ட் கம்பத்துல ஏறின கை. டீ டம்ளரை மேல வச்சாலும் தளும்பாது."

"பாக்குறேன்."

"அப்ப இந்தத் தடவையாவது நிர்வாகிக்கு என் பேரைப் போடுவீங்களா?"

"மாட்டேன்."

"ஏன்?"

"கை ஆடலையே. அதனாலதான்."

மூன்று வருஷமாக இதே கேள்வி, இதே பதில். எனக்கே எரிச்சலாக வரும். கேட்டதற்கு நேராகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் ஹாஜிரா அப்படித்தான். அவளிடம் ஒரு விளக்கம் வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

அகரத்திரட்டு என்பது நாங்கள் இணையத்தில் எழுதுகிற கலைக்களஞ்சியம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் எழுதியதையும் யார் வேண்டுமானாலும் திருத்தலாம். நிர்வாகிகளுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் அதிகாரம். பக்கத்தைப் பூட்டலாம். வம்பு பண்ணுகிறவரைத் தடை செய்யலாம். ஒரு திருத்தத்தை வரலாற்றிலிருந்தே தடம் தெரியாமல் அழிக்கலாம்.

திருச்சிப் பாலக்கரையில் ஒரு தையல் பயிற்சிக் கூடத்தின் மாடியில் சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்குக் கூடுவோம். பத்துப் பதினோரு பேர். நான் சந்திப்பிழை பார்க்கிறவன். அதற்கு மேல் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை, அதுவே எனக்கு வசதி.

புதிதாக வருகிறவருக்கு ஒரு வழிகாட்டி உண்டு. மாசிலாமணி மின்வாரியத்தில் ஓய்வு பெற்று வந்தபோது அவருக்கு வாய்த்தவள், எங்கள் நிர்வாகிகளில் ஒருத்தியான ஹாஜிரா. அவருக்கு அறுபத்திரண்டு, அவளுக்கு முப்பத்து நான்கு. பகலில் மருந்துக்கடையில் வேலை. சீட்டைப் படித்து மாத்திரை எடுத்துத் தருகிறவள். அவர் அவளை டீச்சர் என்பார். மனசு நிறைந்தால் குருவே என்பார். அவள் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ள மாட்டாள்.

அவளிடம் ஒரு வழக்கம். எதை எழுதினாலும், 'சேமி' பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள். எழுதியதை மறுபடி படிப்பாள். பிறகு கையை நீட்டுவாள். அந்தக் கை லேசாக நடுங்கும். இருபதாயிரம் திருத்தம் பண்ணியவளுக்கு நடுக்கமா என்று நாங்கள் கிண்டல் பண்ணுவோம். "டீச்சருக்கு மட்டும் பட்டன்ல ஷாக் அடிக்குதுடா" என்பார் மாசிலாமணி. எல்லாரும் சிரிப்போம். அவளும்தான்.

அந்தச் சிரிப்பெல்லாம் பங்குனியோடு போயிற்று.

கல்லணிப்பட்டி என்று ஒரு ஊர். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அங்கே சர்க்கரை ஆலை வாசலில் போலீஸ் சுட்டது. கரும்பு வெட்டுகிறவர்களும் ஆலைத் தொழிலாளிகளும் செத்தார்கள். அரசாங்கக் கணக்குப்படி ஆறு பேர். எங்கள் அகரத்திரட்டுப் பக்கத்தில் ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் பெயர் இருந்தது, கீழே ஆதாரம் இருந்தது.

இவ்வளவு காலம் சும்மா கிடந்த பக்கம் அது. அந்த ஆலையின் பழைய முதலாளி தேர்தலில் நிற்கப்போகிறார் என்று செய்தி வந்த மறுநாளே அவர் ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். 'துப்பாக்கிச் சூடு' என்பதைக் 'கலவரம்' என்று மாற்றினார்கள். ஒன்பதை ஆறு ஆக்கினார்கள். ஆறு பேரையும் 'கல்லெறிந்தவர்கள்' ஆக்கினார்கள். மாசிலாமணி பழையபடி திருப்பினார். அவர்கள் மாற்றினார்கள். மறுபடி திருப்பினார். ஒரே நாளில் பதினேழு தடவை.

அவர் தொழிற்சங்கத்தில் கிளைச் செயலாளராக இருந்தவர். மகளுக்குச் சுடர்க்கொடி என்று பெயர் வைத்தவர். அவரிடம் போய் ஒன்பதை ஆறு என்றால் விடுவாரா?

இந்த அடிதடிக்கு நடுவே, அந்தப் பக்கத்தோடு சேர்ந்த உரையாடல் பக்கத்தில் ஒரு புதுக் கணக்கிலிருந்து ஒரு கேள்வி வந்தது. 'ஏழாவது பெயர் காத்தமுத்து. அவர் என் அப்பா. அவர் இறந்ததைப் பார்த்தது யார்? தயவுசெய்து சொல்லுங்கள்.' கீழே இளஞ்சியம் என்று பெயர்.

மாசிலாமணி அதைப் படித்தார். 'கைப்பாவைக் கணக்கு' என்று காரணம் எழுதி நீக்கினார். எதிர்த்தரப்பு ஆள்தான் பொய்ப் பெயரில் வந்து குழப்புகிறான் என்று அர்த்தம். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்களைப் போன்றவர்களுக்கு வருகிற வியாதி இது. ஆறு மாதம் சண்டை போட்டால், யார் கேள்வி கேட்டாலும் வேஷம் போட்டு வந்த எதிரியாகத்தான் தெரியும்.

இரண்டு நாள் கழித்து மாசிலாமணி போனுக்கு ஒரு படம் வந்தது. அவர் வீட்டு வாசல் படம். கேட், அதில் படர்ந்த முல்லைக்கொடி, உள்ளே அவருடைய ஸ்கூட்டர். கீழே ஒரு வார்த்தையும் இல்லை.

மறுநாள் இன்னொன்று. 'உங்கள் பெண் காலை எட்டேகால் பஸ். ஜன்னல் ஓர சீட் பிடிக்கும் போல.'

அந்தச் சனிக்கிழமை அவர் மாடிப்படி ஏறி வந்தார். இரண்டு நாளில் ஆள் பாதியாகிவிட்டார். போனை ஹாஜிராவிடம் நீட்டினார். அவள் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். படம் எடுக்கிறது குத்தமாங்கிறாங்க."

"சுடர்க்கொடி?"

"அவ மாமா வீட்டுக்கு அனுப்பிட்டேன். வீட்டுக்காரி என்கூடப் பேசறதில்ல. உங்களுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலைன்னு ஒரு வாட்டி கேட்டா, அதோட சரி." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பயமா இருக்கு டீச்சர். வாசல்ல பைக் சத்தம் கேட்டா எந்திரிச்சு நிக்கிறேன். ஆனா ஒம்பதை ஆறாக்க விடமாட்டேன். பயப்படாம எழுதறது எப்படி? அதைச் சொல்லுங்க."

"கம்பத்துல பயப்படாமத்தான் ஏறுவீங்களா அண்ணே?"

"பயமில்லாம எவன் ஏறுவான்? என்கூட ஒருத்தன் இருந்தான், தனுஷ்கோடின்னு. பயமே கிடையாது. அவன் போட்டோவுக்கு நாங்க மாலை போட்டோம்."

"ஏறுறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க?"

"லைன் கிளியர் வாங்குவேன்." அவர் குரல் கொஞ்சம் நிதானமானது. தொழிலைப் பற்றிப் பேசினால் அவருக்கு எப்போதும் தெம்பு வரும். "சப்-ஸ்டேஷனுக்குச் சொல்லி, என் பேர்ல வாங்கணும். இன்ன லைன்ல ஆள் ஏறப்போறான், கரண்டை நிறுத்துன்னு. நோட்டுல என் பேரை எழுதிக்குவாங்க. வேலை முடிஞ்சா நானேதான் திருப்பித் தரணும். எல்லாரும் இறங்கியாச்சுன்னு நான் என் வாயால சொன்னாத்தான் கரண்ட் விடுவாங்க. என் பேர்ல இருக்கிறதை இன்ஜினீயரே வந்து கேட்டாலும் விடமாட்டாங்க."

"நிறுத்தியாச்சுன்னு சொன்னதும் கம்பியைத் தொட்டுடுவீங்க."

"நல்லா இருக்கே! சொன்னவன் கூடப் பொறந்தவனா இருந்தாலும் நம்பமாட்டேன். எர்த் ராடைக் கம்பியில மாட்டி, கரண்ட் இல்லன்னு பாத்துட்டுத்தான் கை வைப்பேன்."

ஹாஜிரா தன் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். அவர் நீக்கிய கேள்வி திரையில் இருந்தது.

"ஏழாவது பேரைப் பத்தி ஒரு பொண்ணு கேட்டுருக்கு. கைப்பாவைன்னு எடுத்துருக்கீங்க. ராடு மாட்டிப் பாத்தீங்களா?"

"அது அவனுங்க ஆளு டீச்சர்!"

"யார் சொன்னது?"

"பாத்தாத் தெரியாதா? காத்தமுத்து செத்தது பேப்பர்ல இருக்கு. புத்தகத்துல இருக்கு. அடிக்குறிப்பு ரெண்டு குடுத்திருக்கோம்."

"அதுல ராடு மாட்டிப் பாத்தீங்களா?"

மாசிலாமணிக்கு முகம் சிவந்துவிட்டது. "என் பொண்ணு பஸ்ல ஏறப் பயப்படுறா. நீங்க அடிக்குறிப்பைப் பத்திப் பேசறீங்க" என்று எழுந்து போய்விட்டார். எனக்கும் மனசு ஆறவில்லை. நொந்து வந்த மனிதரிடம் கேட்கிற கேள்வியா இது? சொல்லவும் செய்தேன். ஹாஜிரா என்னை ஒரு தரம் பார்த்தாள். நீக்கிய கேள்வியை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். அழுத்தும்போது வழக்கம்போலக் கை நடுங்கியது.

அடுத்த வாரம் இன்னும் மோசமாயிற்று. எவனோ மாசிலாமணியின் படத்தையும் பெயரையும் போட்டு, 'சனிக்கிழமை மூன்று மணி, பாலக்கரை, தையல் பள்ளி மாடி. போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி எல்லா இடத்திலும் பரப்பிவிட்டான்.

அன்றைக்கு வந்தது நான்கு பேர். நானும் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். பயந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிடப் பயந்துகொண்டு அங்கே உட்காரலாம் என்று போனேன். மாசிலாமணி வந்துவிட்டிருந்தார். ஹாஜிராவோடு பேசவில்லை. கீழே தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. யாருக்கும் வேலை ஓடவில்லை. நான் ஒரே வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

மூன்றரை மணிக்குக் கீழே மிஷின் சத்தம் நின்றது. யாரோ யாரையோ விசாரிக்கிற குரல். பிறகு படியில் செருப்புச் சத்தம். ஒருவர் இல்லை, இரண்டு பேர். அவசரமில்லாமல் ஏறி வந்தார்கள்.

எங்களில் ஒருவன் துணி அளக்கிற இரும்பு ஸ்கேலைக் கையில் எடுத்தான். மாசிலாமணி எழுந்து, "டீச்சர், நீங்க பின்னாடி போங்க" என்று சொல்லிக் கதவுக்கு நேராக நின்றார்.

கதவு திறந்தது. ஒரு பெண் நின்றாள். இருபது வயசு இருக்கும். பக்கத்தில் அவள் அம்மா. நெற்றியில் பொட்டு இல்லை, கையில் மஞ்சள் பை. படி ஏறியதில் அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

"மாசிலாமணி ஐயா இங்க இருக்காங்களா?" என்றாள் அந்தப் பெண். "நான் இளஞ்சியம். கல்லணிப்பட்டி. கம்ப்யூட்டர்ல கேள்வி கேட்டிருந்தேன். நீங்க எடுத்துட்டீங்க. அப்புறம் உங்க விலாசம் போன்ல வந்துச்சு. அதான் நேர்லயே வந்துட்டோம்."

ஸ்கேல் எடுத்தவன் அதை மெதுவாக மேஜையில் வைத்தான்.

ஹாஜிரா நாற்காலி எடுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அம்மா குடித்தாள், பெண் குடிக்கவில்லை.

"எங்க அப்பா காத்தமுத்து அன்னிக்கு ஆலைக்குப் போனவருதான், திரும்பி வரல" என்றாள். "ஆஸ்பத்திரியில தேடினோம், இல்ல. பொணம் குடுத்தாங்களே, அதுலயும் இல்ல. ரெண்டு மாசம் கழிச்சுப் பேப்பர்ல அப்பா பேரு வந்துச்சு, செத்தவங்கள்ல. அன்னிக்குத்தான் அம்மா தாலியைக் கழட்டினாங்க. நான் அப்ப ஒண்ணாங் கிளாஸ்."

"சரிம்மா" என்றார் மாசிலாமணி. அவர் குரல் இறங்கியிருந்தது.

"போன மாசம் எங்க ஊர்க்காரர் ஒருத்தர் கர்நாடகாவுல மாண்டியா பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தாரு. அங்க ஒருத்தனைப் பாத்தேன், அச்சு அசல் உங்கப்பன் மாதிரியே இருந்தான், தலையில அடிபட்டவன் போல, பேரு கேட்டா முழிக்கிறான்னு சொன்னாரு. நாங்க ஸ்டேஷனுக்குப் போனோம். காணோம்னு எழுதிக்குங்க, தேடுங்கன்னு கேட்டோம். அந்த ஐயா போன்ல உங்க பக்கத்தை எடுத்துக் காட்டுறாரு. செத்தவன்னு இதுலயே போட்டிருக்கு, ஆதாரம் எல்லாம் இருக்கு, செத்தவனைக் காணோம்னு நான் எப்படி எழுதறதுங்கிறாரு. மாமாவும் அதையே சொல்றாரு. அரசாங்கத்துக்கிட்டப் போனா, எங்க பட்டியல்ல அப்படி ஒரு ஆளே இல்லங்கிறாங்க."

அவள் மாசிலாமணியை நேராகப் பார்த்தாள்.

"நீங்கதான் அந்தப் பேரை விடமாட்டேன்னு சண்டை போடுறீங்களாம். அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். எங்கப்பா செத்ததைப் பாத்தது யாரு? பாத்தவங்க இருந்தாச் சொல்லுங்க. நாங்க அழுதுட்டுப் போயிடறோம்."

ஹாஜிரா மடிக்கணினியை மாசிலாமணி முன்னால் வைத்தாள்.

"பாத்துச் சொல்லுங்கண்ணே."

அவர் முதல் அடிக்குறிப்பைத் திறந்தார். ஒரு புத்தகம். அதில் ஒன்பது பெயர் இருந்தது, ஏழாவது காத்தமுத்து. அந்தப் புத்தகம் தன் ஆதாரமாக ஒரு நாளிதழைச் சொன்னது. இரண்டாவது அடிக்குறிப்பும் அதே நாளிதழ்தான். அந்தச் செய்தியைத் திறந்தார். ஒன்பது பெயர், அதே வரிசை. கடைசி வரியில் சின்ன எழுத்தில், 'தகவல்: அகரத்திரட்டு' என்று இருந்தது.

நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பேப்பர்காரன் எங்களைப் பார்த்து எழுதியிருக்கிறான். புத்தகக்காரர் பேப்பரைப் பார்த்து எழுதியிருக்கிறார். நாங்கள் அந்த இரண்டையும் எங்களுக்கு ஆதாரமாக வைத்திருக்கிறோம். பதினான்கு வருஷமாக எங்களுக்கு நாங்களே சாட்சி!

"வரலாற்றைத் திறங்க. அடிக்குப் போங்க" என்றாள் ஹாஜிரா.

எங்கள் திரட்டில் யார் எப்போது என்ன எழுதினாலும் திருத்த வரலாற்றில் இருக்கும். அவர் கீழே கீழே போனார். முதல் வாரத்தில் ஆறு பெயர்தான் இருந்தது, ஆறும் பிரேதப் பரிசோதனை அறிக்கையிலிருந்து. எட்டாம் நாள் மூன்று பெயர் சேர்ந்திருந்தது. ஆதாரம் எதுவும் இல்லை. சேர்த்த கணக்கின் பெயர் 'தீப்பொறி'.

மாசிலாமணி அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருண்ணே இந்தத் தீப்பொறி?" என்றேன் நான். "எங்கயாவது ஆளைப் பிடிச்சுக் கேக்க முடியுமா?"

அவர் எழுந்து மாடி வராந்தாவுக்குப் போனார். ஹாஜிரா பின்னால் போனாள். கதவோரம் இருந்த எனக்குப் பேச்சு கேட்டது.

"டீச்சர், அது நான்தான்."

அவரே தொடர்ந்தார்.

"அப்ப நாலு மாசம் எழுதினேன், விட்டுட்டேன். ரிட்டயர் ஆகி வந்து வேற பேர்ல சேந்தேன். எத்தனை பக்கத்துலயோ கை வச்சேன், இது மறந்தே போச்சு. இரங்கல் கூட்டத்துல பக்கத்துல நின்ன ஆள் ஒருத்தர் சொன்னாரு. இன்னும் மூணு பேரை மறைச்சுட்டாங்க தோழர்னு பேரோட சொன்னாரு. ரத்தம் கொதிச்சுது. வீட்டுக்கு வந்ததும் எழுதிட்டேன். அந்த ஆள் யாருன்னுகூட எனக்குத் தெரியாது." அவர் நிறுத்தினார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தீப்பொறின்னு ஒருத்தர் சேத்ததைப் போன வாரம் பாத்தேன். அது நீங்கன்னு தெரியாது."

"டீச்சர், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். நிர்வாகி நீங்க. அந்தத் திருத்தத்தை வரலாத்துலேருந்தே அழிச்சுடுங்க. மூணு பேரையும் நீங்களே எடுத்துடுங்க. நான்தான்னு வெளிய தெரிஞ்சா நான் தொலைஞ்சேன். அவனுங்க விடுவானுங்களா? பாத்தியா, எல்லாம் பொய்னு ஊரெல்லாம் அடிப்பானுங்க. செத்த ஆறு பேரையும் பொய்யாக்குவானுங்க. எங்க ஆளுங்க என்னைத் துரோகின்னு காறித் துப்புவாங்க. என் பொண்ணுக்கு..."

கீழே ஒரு மிஷின் மட்டும் ஓட ஆரம்பித்தது.

"அண்ணே, லைன் கிளியர் யார் பேர்ல வாங்கினது?"

மாசிலாமணி உள்ளே வந்தார். இளஞ்சியத்தின் எதிரில் நிற்காமல், அந்த அம்மாவின் எதிரில் போய் நின்றார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரை முதல்ல எழுதினது நான்தாம்மா."

அந்த அம்மா ஏறிட்டுப் பார்த்தாள். "நீங்க பாத்தீங்களாய்யா?"

"பாக்கலம்மா."

"பாத்தவங்க சொன்னாங்களா?"

"பாத்தவங்களான்னு கேக்கல. ஒருத்தர் சொன்னாரு, எழுதிட்டேன்."

"வேற யாருமே பாக்கலியா?"

"எனக்குத் தெரியாதும்மா. அவர் செத்தாரான்னே எனக்குத் தெரியாது."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால்கூட ஆச்சரியமில்லை. அவள் தன் வெறும் கழுத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். அவ்வளவுதான். எனக்கு அந்த இடத்தை விட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

இளஞ்சியம்தான் வெடித்தாள். "பதினாலு வருஷம்! யாருமே தேடலையே ஐயா. செத்துட்டாருன்னு ஒருத்தரும் தேடலையே!"

மாசிலாமணி நின்றபடியே கேட்டுக்கொண்டார். மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். தட்டச்சு செய்தார். எழுதியதை அந்தப் பெண்ணுக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டுப் படித்தார்.

"துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் இறந்தது உறுதி. மற்ற மூன்று பேர் இறந்ததற்கு ஆதாரம் இல்லை. அவர்களில் காத்தமுத்துவை அன்றிலிருந்து காணவில்லை என்று அவர் குடும்பம் சொல்கிறது. தீப்பொறி என்ற பெயரில் இந்த மூன்று பெயர்களையும் சேர்த்தவன் நான். கேள்விப்பட்டதை விசாரிக்காமல் எழுதினேன். செய்தித்தாளும் புத்தகமும் என்னிடமிருந்து எடுத்தவை. மாசிலாமணி, திருச்சி."

"ஊர் பேர் எதுக்குண்ணே?" என்றேன். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"அதான் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியுமேப்பா."

பொத்தானுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனார். அழுத்தவில்லை. எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இன்னொரு தரம் முழுக்கப் படித்தார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு அழுத்தினார்.

ஹாஜிரா அந்தப் பக்கத்தை இரண்டு கட்சிக்காரர்களும் தொட முடியாதபடி பூட்டினாள். அதை அச்செடுத்து இளஞ்சியத்திடம் கொடுத்தாள். "ஸ்டேஷன்ல இதைக் காட்டும்மா. எழுத மாட்டேன்னா இவருக்குப் போன் பண்ணு, வந்து சொல்வாரு." மாசிலாமணி தலையாட்டினார். நம்பரை அவரே எழுதிக் கொடுத்தார்.

அந்த அம்மா எழுந்து பையை இடுக்கிக்கொண்டாள். படி வரைக்கும் போனவள் திரும்பி, என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"தம்பி, மாண்டியாவுக்கு இங்கேருந்து பஸ் இருக்கா?"

சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. அவர்கள் இறங்கிப் போகிற சத்தம் கேட்டது. ஏறும்போது இருந்ததைவிட வேகமாக இறங்கினார்கள்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை, மாசிலாமணியின் போன் அதிர ஆரம்பித்தது. 'ஒப்புக்கொண்டான் பொய்யன்' என்று ஒரு பக்கம். 'விலை போயிட்டீங்களா தோழர்?' என்று இன்னொரு பக்கம். பெயரில்லாமல் ஒரு படம் வந்தது. இந்தத் தையல் பள்ளியின் வாசல், கொஞ்சம் முன்னால் எடுத்தது. யாரோ கீழேதான் நிற்கிறான். அவர் அதை எங்களுக்குக் காட்டினார். ஒருவரும் ஜன்னல் பக்கம் போகவில்லை.

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"டீச்சர், இனிமே நிர்வாகிக்குப் போடுங்கன்னு உங்களைக் கேக்க மாட்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்ல. ஒரு வரி எழுதவே இனிமே பயமா இருக்கும்."

"கையை நீட்டுங்கண்ணே."

அவர் நீட்டினார். டீ டம்ளரை வைத்தாலும் தளும்பாத கை. ஐந்து விரலும் தனித்தனியாக நடுங்கின. அவர் இன்னொரு கையால் அதைப் பிடித்து நிறுத்தப் பார்த்தார். அதுவும் சேர்ந்து நடுங்கியது.

ஹாஜிரா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, நிர்வாகி முன்மொழிவுப் பக்கத்தைத் திறந்து, அவர் பெயரைத் தட்டினாள்.

"இதுக்கப்புறமுமா டீச்சர்?" என்றார் மாசிலாமணி.

"இதுக்கப்புறம்தான்."